இணைந்த பிறகு தம்பி வரிசையில் எங்கே நிற்பார்?

சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"கேப்டன் சார், எனக்கு 58 வயது. 24 வருடம் பால்மரம் வெட்டினேன். மரத்தை அழித்து செம்பனை போட்ட பிறகு நர்சரியில் வேலை செய்தேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகன், வயது 27. இபிஎப்பில் எடுத்தது, நகையை வைத்தது, வங்கியில் வாங்கியது எல்லாம் போட்டுத்தான் அவனைப் பைலட்டுக்குப் படிக்க வைத்தோம். மூன்று வருடமாக ஒரு கம்பெனியில் துணை விமானியாக ஏ320 ஓட்டுகிறான். அந்தக் கம்பெனியை இப்போது அதைவிடப் பெரிய ஒன்றோடு சேர்க்கப் போகிறார்களாம். கேட்டால் 'ஒன்றுமில்லைம்மா' என்கிறான். ஆனால் முகம் சரியில்லை. 2007-இல் தோட்டக் கம்பெனிகள் மூன்று சேர்ந்து ஒன்றானபோது எங்கள் வாசலில் பலகைதான் மாறியது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதுவும் அப்படித்தானா? இல்லை, 2015-இல் மாஸில் (மலேசியா ஏர்லைன்ஸில்) அத்தனை பேரை நிறுத்தினார்களே, அப்படி ஆகிவிடுமா? அடுத்த வருடம் அவனுக்குக் கல்யாணம். ஈப்போவில் வீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்லி புரோக்கர் நெருக்குகிறார். வளைகுடா பக்கம் போய்விடட்டுமா என்று ஒருநாள் கேட்டான். எங்களுக்கு விவரம் சொல்ல ஆள் இல்லை."

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். என் அம்மாவும் இருட்டோடு எழுந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனவர். அதனால் உங்கள் பலகைக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி அதுதான்.

முதலில் நிம்மதிக்கு ஒன்று. கம்பெனிகள் சேரும்போது விமானிகளை உடனே வீட்டுக்கு அனுப்புவது வழக்கம் இல்லை. இன்னொரு கம்பெனியை வாங்குவதே அதன் விமானங்களுக்காகவும் தடங்களுக்காகவும்தான். அவற்றை ஓட்ட ஆள் வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு ஆபீஸ் இருக்கும் இடங்களில்தான், கணக்குப் பிரிவு, விற்பனை, தலைமை அலுவலகம் என்று, கத்தி முதலில் விழும். விமானிக்கு வரும் அடி வேறு மாதிரியானது. சத்தமில்லாமல் வரும். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் கூடவே இருக்கும். வரிசையில் அவர் நிற்கும் இடம் மாறிவிடும். உங்கள் மகனின் முகத்தில் நீங்கள் பார்த்தது அந்தக் கவலையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் 2007-இல் ஒன்றானபோது உங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? உங்கள் சம்பளத்தை எந்தக் கம்பெனியும் தனியாக முடிவு செய்யவில்லை. தோட்ட முதலாளிமார் சங்கமான மாப்பாவும் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கமும் உட்கார்ந்து போட்ட கூட்டு ஒப்பந்தம்தான் முடிவு செய்தது. முதலாளி பெயர் எதுவானாலும் ஒப்பந்தம் அதேதான். அதோடு, மரம் வெட்டுவதில் வரிசை என்று ஒன்று கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் உங்கள் கை அதே கை, மரமும் அதே மரம். நேற்று வந்தவர் என்பதற்காக உங்களுக்குக் குறைந்த கூலி போட மாட்டார்கள்.

விமானத் தொழிலில் அந்த மாதிரி, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒப்பந்தம் இல்லை. மலேசியா ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கத்தையும் சுருக்கமாக மாப்பா என்றுதான் சொல்வோம், ஆனால் அந்த மாப்பா ஒரே கம்பெனியின் விமானிகளுக்கு மட்டும். ஒவ்வொரு கம்பெனியும் தன் விமானிகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். சேர்ந்த நாளின்படி ஒவ்வொருவருக்கும் ஒரு எண். சீனியாரிட்டி எண் என்போம். எப்போது கேப்டன் ஆகலாம், எந்த விமானத்துக்கு மாறலாம், எந்த ஊரில் இருக்கலாம், தீபாவளிக்கு யாருக்கு லீவு, ஆள் குறைக்கும்போது யார் முதலில் போவது, இதிலெல்லாம் அந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேப்டன் ஆவதற்கு சோதனைகளிலும் தேற வேண்டும், எண் மட்டும் போதாது. ஆனால் அந்தச் சோதனைக்கு உங்களைக் கூப்பிடும் நாளை எண்தான் தீர்மானிக்கும்.

அந்த எண்ணை வேறு கம்பெனிக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போக முடியாது. 20 வருடம் பறந்த ஒருவர் கம்பெனி மாறினால், கேப்டனாகவே எடுத்துக்கொண்டாலும், பட்டியலில் கடைசி ஆள் அவர்தான். பல இடங்களில் மறுபடி துணை விமானியின் வலது பக்க இருக்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது இரண்டு கம்பெனி சேர்கிறது. இரண்டு பட்டியல் இருக்கிறது. அவற்றை எப்படி ஒன்றாக்குவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தம்பியின் கம்பெனியில் 200 விமானிகள், அவர் 170-ஆவது ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனியில் 400 பேர். வாங்கியவன் பலசாலி என்றால், தன் 400 பேரையும் மேலே வைத்து, வாங்கப்பட்ட 200 பேரை அப்படியே வாலில் ஒட்டிவிடுவான். தம்பி 570-ஆவது ஆள் ஆகிவிடுவார். இன்னொரு வழி விகிதம். அவர் தன் பட்டியலில் நூற்றுக்கு 85-ஆவது இடத்தில் இருக்கிறார், புதுப் பட்டியலிலும் அதே இடம் தருவது. அப்போது 510. மூன்றாவது வழி, யார் எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார் என்று பார்த்து அடுக்குவது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பெரிய கம்பெனி கடந்த சில வருடமாகப் புது ஆள் எடுக்காமல் இருந்திருந்தால், அந்த 400 பேரும் தம்பிக்கு முன்னால் போய் நிற்பார்கள். வாலில் ஒட்டியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

510-க்கும் 570-க்கும் நடுவில் 60 இடம். ஓய்வு பெறுவது, புது விமானம் வருவது எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20 இடம் நகர்கிறது என்றால், 60 இடம் என்பது 3 வருடம். தோளில் நாலாவது பட்டை ஏறுவது 3 வருடம் தள்ளிப்போகும். துணை விமானிக்கும் கேப்டனுக்கும் உள்ள சம்பள வித்தியாசத்தை 3 வருடத்தால் பெருக்கிப் பாருங்கள். நகையை மீட்கும் கணக்கு அதற்குள் இருக்கிறது.

இதில் எதிர்ப்பக்கம் இருப்பவரும் வில்லன் இல்லை அம்மா. பெரிய கம்பெனியில் 12 வருடமாகக் கேப்டன் பதவிக்குக் காத்திருக்கும் ஒரு துணை விமானி இருப்பார். சின்னக் கம்பெனி வேகமாக வளர்ந்ததால் அங்கே 5 வருடத்தில் கேப்டன் ஆனவர் தன் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்தால் அவருக்கு வயிறு எரியாதா? அவருக்கும் கடன் இருக்கும், அவருக்காகக் கவலைப்படும் அம்மா இருப்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இந்தச் சண்டை இவ்வளவு கசப்பாகப் போகிறது.

எவ்வளவு கசப்பாகப் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. விமானிகள் சங்கத்தில் இருந்த எங்களுக்கெல்லாம் அது பாடம். 2005-இல் அமெரிக்கா வெஸ்ட், யுஎஸ் ஏர்வேஸ் இரண்டும் சேர்ந்தன. யுஎஸ் ஏர்வேஸில் பல வருட சேவை இருந்தும் ஆட்குறைப்பில் வீட்டில் உட்கார்ந்திருந்த விமானிகள் நிறைய. அமெரிக்கா வெஸ்டில் இளைஞர்கள் அதிகம், எல்லாரும் வேலையில் இருந்தார்கள். நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007-இல் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். அதன்படி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கடைசிக்குப் போனார்கள். யுஎஸ் ஏர்வேஸ் பக்கத்தார் அதை ஏற்க மறுத்து, 2008-இல் தங்கள் சங்கத்தையே மாற்றிவிட்டார்கள். வழக்கு மேல் வழக்கு. பலகை ஒன்று, விமானத்தின் சாயம் ஒன்று, ஆனால் விமானிகள் இரண்டு ஒப்பந்தத்தில் இரண்டு குழுவாகவே பறந்தார்கள். 2013-இல் அந்தக் கம்பெனி அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேர்ந்த பிறகுதான் விஷயம் மறுபடி மேசைக்கு வந்தது. ஒன்றுபட்ட பட்டியல் முடிவானது 2016-இல். 2005-இல் இளைஞராக இருந்தவர் நடுத்தர வயதுக்காரர் ஆகிவிட்டார்.

அதே நாட்டில் 2008-இல் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் சேர்ந்தன. அங்கே இணைப்பு முடியும் நாளுக்கு முன்பே இரண்டு பக்க விமானிகளுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். வரிசையைத் தீர்க்கும் வேலையை நடுவர் குழுவிடம் கொடுத்து, அந்த வருடம் முடிவதற்குள் முடித்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிழைப்பைப் பார்க்க முடிந்தது. இரண்டு கதைக்கும் வித்தியாசம் நல்ல மனது, கெட்ட மனது இல்லை. ஒன்றில் முன்கூட்டியே பேசினார்கள், மற்றதில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

இந்தியாவில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் சேர்ந்தன. ஐந்து வருடம் கழித்து, 2012-இல், புது டிரீம்லைனர் விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்ற கேள்வியில் பழைய ஏர் இந்தியா பக்கத்து விமானிகள் 58 நாள் வேலைக்குப் போகவில்லை. காகிதத்தில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியும் மனதில் அது இரண்டு கம்பெனிதான்.

எனக்கும் இது நடந்தது. வெளிநாட்டில் ஒரு கம்பெனியில் துணை விமானியாக இருந்தேன். பெரிய கம்பெனி வாங்கியது. எங்களை வாலில் ஒட்டினார்கள். அன்று காலை 140 பேரில் 88-ஆவது ஆளாக இருந்தவன், மாலையில் அறுநூற்றுச் சொச்சம். என் கேப்டன் பதவி ஆறு வருடம் தள்ளிப்போனது. எங்களிடம் சங்கம் இருந்தது. ஆனால் அறிவிப்பு வந்த நாளில் 'வேலை இருக்கிறதல்லவா, அது போதும்' என்று சும்மா இருந்துவிட்டோம். அந்த ஆறு வருடத்தில்தான் என் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனார்கள். என் மனைவி எவ்வளவு இறுக்கிப் பிடித்துக் குடும்பம் நடத்தினார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சரி, 2015 பற்றிக் கேட்டீர்கள். அது இணைப்பு இல்லை. எம்எச்370, எம்எச்17 என்று 2014-இல் இரண்டு பேரிடிகள். அதற்கு முன்பே பல வருட நஷ்டம். அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானா பழைய மாஸை முழுவதுமாக எடுத்துக்கொண்டு, அதற்கென்று நாடாளுமன்றத்தில் ஒரு தனிச் சட்டமே போட்டு, மலேசியா ஏர்லைன்ஸ் பெர்ஹாட் என்ற புதுக் கம்பெனியை உண்டாக்கியது. 2015 செப்டம்பர் 1 முதல் அது இயங்கியது. பழைய கம்பெனியின் சுமார் 20,000 பேருக்கும் வேலை முடிந்ததென்று கடிதம் கொடுத்து, அதில் ஏறக்குறைய 14,000 பேருக்குத்தான் புதுக் கம்பெனியில் இடம் தந்தார்கள். பழையதை மூடிவிட்டுப் புதிதாக ஆள் எடுத்தது அது. உங்கள் மகனுக்கு நடக்கப்போவது அதுவா என்பதை ஒரே ஒரு கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். பெரிய கம்பெனி வாங்குவது பங்குகளையா, தொழிலையா?

தோட்டத்தை வைத்தே சொல்கிறேன். தோட்டம் வைத்திருக்கும் கம்பெனியின் பங்கை யாரோ வாங்குகிறார். கம்பெனி அதேதான், உங்கள் முதலாளி அதே கம்பெனிதான், பின்னால் இருக்கும் ஆள் மட்டும் மாறுகிறார். இது ஒரு வகை. கம்பெனி தன் தோட்டத்தை இன்னொரு கம்பெனிக்கு விற்கிறது. இப்போது உங்கள் முதலாளியே மாறிவிட்டார். இது இன்னொரு வகை. முதல் வகையில் தம்பியின் வேலை ஒப்பந்தம் தானாகத் தொடரும். இரண்டாவது வகையில் புது முதலாளி புதுக் கடிதம் கொடுக்க வேண்டும், அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாமே.

முதலாளி மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்று நம் நாட்டில் 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. கைமாறிய 7 நாளுக்குள் புது முதலாளி, பழையதைவிடக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வர வேண்டும். ஏற்றுக்கொண்டால் பழைய சேவைக்காலம் அறுபடாமல் தொடரும். முன்வராவிட்டால் நீக்க ஊதியம் கிடைக்கும். 2 வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடத்துக்குள் என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். ஆனால் இந்த நீக்க ஊதிய உரிமை, உடல் உழைப்பு போன்ற சில வேலைகளைத் தவிர, மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான். சம்பளம் அதைத் தாண்டினால் விமானிக்கு அந்தக் குடை இல்லை. உங்களுக்கு இருந்த பாதுகாப்பு உங்கள் மகனுக்கு இல்லை என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். நிலைமை அதுதான்.

வரிசை எண்ணைப் பற்றியோ நம் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அமெரிக்காவில் 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கிய டிடபிள்யூஏ கம்பெனியின் விமானிகளில் பெரும்பாலோரை வாலில் ஒட்டிய பிறகு, பட்டியலை நியாயமாக இணைக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்று 2007-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். இங்கே விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் பொறுப்பு, 2025 ஆகஸ்டில் விமானச் சந்தையைப் பார்த்துவந்த மாவ்கோம் ஆணையம், விமானப் பாதுகாப்பைப் பார்க்கும் சிஏஏஎம்-ஓடு இணைந்த பிறகு, ஒரே கையில் இருக்கிறது. இணைப்பால் போட்டி குறையுமா என்று பார்ப்பார்கள். விமானி எத்தனையாவது ஆள் என்பது அவர்கள் வேலை இல்லை.

ஆக, தம்பியிடம் மிஞ்சுவது மூன்றே. கையில் இருக்கும் ஒப்பந்தம், சங்கம், பிறகு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. தகுந்த காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுக்க அது வழி செய்கிறது. அங்கே சம்பள வரம்பு இல்லை, விமானியும் போகலாம். 61-ஆவது நாள் போனால் கதவு மூடிவிடும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்த மூன்றில் சங்கத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். உங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் ஞாபகம் வருகிறது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று நம் ஆட்களை நடுத்தெருவில் விட்ட அந்தக் காலத்தில், விற்ற பிறகு முறையிடுவதைவிட நாமே முந்திக்கொண்டு வாங்குவோம் என்றுதான் அவர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் 10 வெள்ளி, 10 வெள்ளியாகச் சேர்த்து தோட்டங்களை வாங்கினார்கள். விமானிகளால் விமானக் கம்பெனியை வாங்க முடியாது. ஆனால் கைமாறுவதற்கு முன்பே ஒன்றுசேர்ந்து 'எங்கள் வரிசை எப்படி, எழுத்தில் கொடுங்கள்' என்று கேட்க முடியும். கம்பெனிக்கு இணைப்பு சுமுகமாக நடக்க வேண்டிய தேவை இருக்கும்போதுதான் அந்தக் குரலுக்கு எடை. தம்பியின் கம்பெனியில் சங்கம் இருந்து அவர் இன்னும் சேராமல் இருந்தால், இந்த வாரமே சேரச் சொல்லுங்கள். சங்கமே இல்லை என்றால், சக விமானிகள் பத்துப் பேராவது சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாகக் கேட்கட்டும்.

கேட்க வேண்டியது என்ன? இன்றைய தேதியில் அவர் எண் என்ன என்று எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு பேச்சு மாறினால் ஆதாரம் வேண்டும். பட்டியலை எந்த வழியில் இணைக்கப்போகிறார்கள், ஒத்துவராவிட்டால் நடுவர் யார் என்று கேட்க வேண்டும். டைப் ரேட்டிங்குக்கு, அதாவது ஏ320 ஓட்டும் தகுதிப் பயிற்சிக்கு, இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று எழுதிக்கொடுத்த பாண்ட் யாருக்குப் போகிறது, கழிந்த 3 வருடம் அதில் கணக்கில் வருமா என்று கேட்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வேறு ஊருக்கு மாற்றும் உரிமையைப் புதுக் கடிதத்தில் நுழைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 'இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டு அங்கே புதிதாகச் சேர்ந்துகொள்ளுங்கள், வெறும் சம்பிரதாயம்தான்' என்று யாராவது காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடக் கூடாது. ராஜினாமா கொடுத்தால் 3 வருட சேவை அங்கேயே முடிந்தது. நம் தொழிலியல் நீதிமன்றங்கள் ஆட்குறைப்பில், தகுந்த காரணம் இல்லாவிட்டால், கடைசியில் வந்தவரே முதலில் போக வேண்டும் என்ற முறையைப் பார்ப்பவை. புதிதாகச் சேர்ந்த தேதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் முதலில் போவது அவர்தான்.

அப்புறம், லாக்புக். பறந்த மணி நேரக் கணக்கை இப்போது பெரும்பாலும் கம்பெனியின் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறது. இணைப்பில் பழைய சிஸ்டத்தை மூடிவிடுவார்கள். என்னோடு பறந்த ஒரு நண்பர், தன் 900 மணி நேரத்துக்கு அத்தாட்சி கேட்டு எட்டு மாதம் அலைந்தார். எல்லாவற்றையும் இறக்கி அச்செடுத்து, கம்பெனி முத்திரை வாங்கி, உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு நகல் வைத்துவிடுங்கள். 3 வருடத்தில் அவர் சுமார் 2,000 மணி நேரம் பறந்திருப்பார். உங்கள் நகை, இபிஎப் எல்லாம் இப்போது அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன.

வளைகுடாவுக்குப் போகலாமா? பயத்தில் போக வேண்டாம் என்பேன். ஆனால் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். எண்ணை விட்டுவிட்டுப் போவதன் விலை வயதோடு ஏறும். 45 வயதில் அது பெரிய நஷ்டம். 27 வயதில், 200-இல் 170-ஆவதாக இருப்பவருக்கு இழக்க அதிகம் இல்லை. கேப்டன் ஆவதற்குத் தேவையான முழு ஏடிபிஎல் லைசென்ஸுக்கு வேண்டிய 1,500 மணி நேரத்தை அவர் தாண்டியிருந்தால், முதலில் அதை வாங்கி முடிக்கட்டும். மருத்துவச் சான்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சிமுலேட்டர் சோதனை எதுவும் தவறாமல் பார்த்துக்கொள்ளட்டும். கதவைத் திறந்து வைத்திருப்பது வேறு, வெளியே ஓடுவது வேறு. புதுக் கடிதத்தைப் படித்துப் பார்க்காமலே போய்விட்டால், இங்கே என்ன கிடைத்திருக்கும் என்பது கடைசி வரை தெரியாது.

இங்கே நல்லதும் நடக்கலாம். பெரிய கம்பெனியிடம் நெடுந்தூரம் பறக்கும் பெரிய விமானமான ஏ330 இருந்தால், ஏ320 ஓட்டும் தம்பிக்கு அது கிட்டத்தில் வருகிறது. இரண்டின் விமானி அறையும் ஒரே மாதிரி அமைக்கப்பட்டவை, குறுகிய மாற்றுப் பயிற்சி போதும். 2024-இல் நெடுந்தூரம் பறக்கும் ஏர்ஆசியா எக்ஸ், குறுந்தூர ஏர்ஆசியாவின் தாய்க் கம்பெனியான கேபிட்டல் ஏ-யின் விமானத் தொழிலை வாங்குவதாக அறிவித்தபோது, குறுந்தூர விமானிகள் பலரும் முதலில் நினைத்துப் பார்த்திருப்பது இதைத்தான். தனியாக நிற்பதும் எப்போதும் பத்திரம் இல்லை. நம் நாட்டு மைஏர்லைன் கம்பெனி 2023 அக்டோபர் 12-இல் ஒரே நாளில் பறப்பதை நிறுத்தியது, அங்கே இருந்தவர்களுக்கு எந்த வரிசையும் மிஞ்சவில்லை. அமெரிக்காவில் ஜெட்புளூ, ஸ்பிரிட் கம்பெனியை வாங்குவதை 2024 ஜனவரியில் நீதிமன்றம் தடுத்தது. அந்த வருடம் நவம்பரிலேயே ஸ்பிரிட் திவால் மனு போட்டது, நூற்றுக்கணக்கான விமானிகள் ஆட்குறைப்பில் போனார்கள்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டு முன்பணத்தை மட்டும், புது ஒப்பந்தம் கையில் வரும் வரை நிறுத்தி வையுங்கள். புரோக்கர் நெருக்கட்டும், ஈப்போவில் வீட்டுக்குப் பஞ்சம் வராது. காரணம் இது. விமானியின் சம்பளத்தில் அடிப்படை ஒரு பகுதி, பறக்கும் மணிக்கு வரும் அலவன்ஸ் இன்னொரு பகுதி. பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணி நேரத்துக்குப் பணம் உறுதி என்று ஒப்பந்தத்தில் ஒரு எண் இருக்கும். 2024-இல் இந்தியாவில் விஸ்தாரா என்ற விமானக் கம்பெனி ஏர் இந்தியாவோடு சேரும்போது, அந்த உறுதி மாதம் 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைந்தது. அதனால் வந்த கொந்தளிப்பில் ஏப்ரல் மாதத்தில் விமானங்களே ரத்தாயின. தம்பியிடம் புதுக் கடிதத்தில் அந்த எண் எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டுக் கடன் தவணையை அடிப்படைச் சம்பளத்தோடு அந்த எண்ணை மட்டும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கோவிட் காலத்தில் அலவன்ஸை நம்பி வீடு வாங்கியவர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

'ஒன்றுமில்லைம்மா' என்பதைப் பற்றி. எங்கள் தொழிலில் கவலையைச் சொல்வதற்கே பயப்படுவோம். மனது சரியில்லை என்று சொன்னால் மருத்துவச் சான்றில் கை வைத்துவிடுவார்களோ என்ற எண்ணம் இளைஞர்களுக்கு இருக்கிறது. வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிடும். நீங்கள் 'வேலை போகுமா' என்று கேட்டால் அவர் இல்லை என்றுதான் சொல்வார், அது உண்மையும்கூட. 'வரிசையில் எத்தனையாவது ஆள், சேர்ந்த பிறகு எத்தனையாவது' என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது என்றால் அவர் உட்கார்ந்து பேசுவார்.

அடுத்த தடவை லீவில் வரும்போது இப்போதைய ஒப்பந்தத்தையும், கம்பெனி புதிதாகக் கொடுத்த காகிதம் ஏதாவது இருந்தால் அதையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரையும் கம்பெனி பெயரையும் மறைத்து ஒரு நகல் அனுப்பினால் படித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரைக்கும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.